சித்திரைக்கு முன் ஒரு தாள்

பங்குனி வெயில் ஏற ஆரம்பித்துவிட்டால் நம் வீடுகளில் வேலைக்குப் பஞ்சமே கிடையாது. வத்தல் வடாம் போட வேண்டும். மிளகாயும் மல்லியும் காய வைத்து வருஷத்துக்குத் தூள் அரைக்க வேண்டும். புது புளி வந்ததும் கொட்டை எடுத்து, உப்புப் போட்டு ஜாடியில் அடைக்க வேண்டும். மாவடு கிடைக்கும் நாளைத் தவறவிட்டால் அடுத்த வருஷம்தான். சித்திரை பிறப்பதற்குள் புதுப் பஞ்சாங்கமும் வாங்கியாக வேண்டும்.

இந்த வருஷாந்திர வேலைகளோடு இப்போது எங்கள் வீட்டில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பாங்குக்குப் போய் ஒரு தாள் கொடுத்துவிட்டு வருவது.

“இது என்ன, அடுப்படிப் பேச்சுக்கு நடுவே பாங்க் விவகாரம்? அதெல்லாம் வீட்டு ஆம்பளைங்க பார்த்துக்கற வேலை இல்லையா?” என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நாற்பது வயது வரைக்கும் அப்படி நினைத்துக்கொண்டிருந்தவள்தான். அந்த ஒரு தாளைக் கொடுக்காமல் விட்டதால் என் மாமியார் ஆறு மாசம் ரத்த அழுத்த மாத்திரையைப் பாதிப் பாதியாகச் சாப்பிட்டார். அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் இது அடுப்படிக்கும் சம்பந்தப்பட்ட வேலை என்று எனக்கு உறைத்தது. அந்தக் கதையை உங்களிடம் சொல்லிவிட்டால் நாலு வீட்டிலாவது இது நடக்காமல் இருக்கும் என்றுதான் எழுதுகிறேன்.

மாமாவின் நோட்டு

என் மாமனார் கும்பகோணத்தில் சின்னதாய்ப் பாத்திரக்கடை வைத்திருந்தவர். பித்தளை, வெண்கலம், பிற்பாடு எவர்சில்வர். பென்ஷன் என்று ஒன்றும் கிடையாது. வயசான பிறகு கடையைக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தையும் சேமிப்பையும் சேர்த்து 18 லட்சம் ரூபாயை பாங்கில் டெபாசிட் போட்டார். ஏழரை சதவீத வட்டி. வருஷத்துக்கு 1,35,000 ரூபாய். மூணு மாசத்துக்கு ஒருமுறை 33,750 ரூபாய் வரும். அதில்தான் அவர்கள் இரண்டு பேருடைய சாப்பாடு, கரண்ட், மருந்து எல்லாம். நாங்கள் திருச்சியில் இருக்கிறோம். “எங்ககிட்ட வந்துடுங்க” என்று எத்தனையோ தரம் கூப்பிட்டாயிற்று. “கால் கை நல்லா இருக்கிற வரைக்கும் எங்க ஊரு, எங்க வீடு” என்று சொல்லிவிட்டார்கள்.

மாமா நீளமான பேரேட்டு நோட்டு ஒன்று வைத்திருப்பார். வீட்டு வரி எப்போது, காஸ் எப்போது, கண் டாக்டரிடம் எப்போது என்று எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் முதல் வாரம் பஞ்சாங்கம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போகும்போது அப்படியே பாங்குக்கும் போய் வருவார். “எதுக்கு மாமா?” என்று ஒரு தடவை கேட்டேன். “ஒரு தாள் கொடுக்கணும்மா” என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்!

2023 ஜனவரியில் மாமா காலமாகிவிட்டார். காரியங்களெல்லாம் முடிந்ததும் என் கணவர் பாங்குக்குப் போய், இறப்புச் சான்றிதழ் கொடுத்து, டெபாசிட்டையெல்லாம் அத்தை பெயருக்கு மாற்றினார். பிப்ரவரி பாதியில் அது முடிந்தது. பெயர் மாறிவிட்டது, இனி வட்டி அத்தை கணக்குக்கு வந்துவிடும், நம் கடமை முடிந்தது என்று நாங்கள் நிம்மதியாக இருந்துவிட்டோம். ஏப்ரல் மாசம் வந்தது. அத்தைக்குப் பஞ்சாங்கம் வாங்கி அனுப்பினேன். தாள் ஞாபகம் யாருக்கும் வரவில்லை.

தீபாவளிக்குப் போனபோது

அந்த வருஷம் நவம்பர் 12ஆம் தேதி தீபாவளி. மாமா இல்லாத முதல் வருஷம், பண்டிகை கிடையாது. ஆனாலும் அத்தையைத் தனியாக விடக்கூடாது என்று இரண்டு நாள் முன்னாடியே பிள்ளைகளோடு கும்பகோணம் போய்விட்டோம்.

மறுநாள் காலையில் காப்பி போடச் சமையலறைக்குள் போனால், அலமாரியில் மாத்திரை டப்பா திறந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு பிளேடு. டப்பாவுக்குள் பார்த்தால் எல்லா மாத்திரையும் அரை அரையாக வெட்டி வைத்திருக்கிறது!

“என்ன அத்தை இது? டாக்டர் பாதியாக்கிட்டாரா?” என்றேன்.

“டாக்டர் எங்கே சொன்னார்... நானாத்தான். உடம்பு நல்லாத்தானே இருக்கு” என்று பேச்சை மாற்றப் பார்த்தார். நான் விடவில்லை. கடைசியில் மெதுவாகச் சொன்னார்: “வட்டி குறைஞ்சு போச்சும்மா. முன்னே வந்த மாதிரி வரலை. பாங்குல வட்டியைக் குறைச்சுட்டாங்க போலிருக்கு. மத்த செலவெல்லாம் எதைக் குறைக்க முடியும்? அரிசி வாங்காம இருக்க முடியுமா?”

“எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“உங்களுக்கு ரெண்டு பிள்ளைங்க. ஃபீஸ் கட்டணும். அவன் என்ன மரத்துலயா பறிக்கிறான்?”

எனக்குத் தொண்டையை அடைத்தது. அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போனேன். ரத்த அழுத்தம் மேலே 180, கீழே 100 என்று காட்டியது. டாக்டர் கோபித்துக்கொண்டார். “அம்மா, பிரஷருக்கு வலி கிடையாது, அறிகுறி கிடையாது. உடம்பு நல்லா இருக்குன்னு நீங்க நினைக்கிறதே மாத்திரை வேலை செய்யறதாலதான். அதைக் குறைச்சா பக்கவாதம் வரும், மாரடைப்பு வரும், சிறுநீரகம் கெட்டுப் போகும். அதோட, சில மாத்திரைகளை வெட்டவே கூடாது. மெதுவாக் கரையற மாதிரி செஞ்சிருப்பாங்க. வெட்டினா மொத்தமும் ஒரே நேரத்துல உடம்புல இறங்கிடும். பணக் கஷ்டம்னா எங்கிட்டச் சொல்லுங்க, விலை குறைஞ்ச மாத்திரையா எழுதித் தரேன். ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமாவே கொடுக்கறாங்க. ஆனா நீங்களா குறைக்காதீங்க” என்றார்.

இதை நம் வாசகிகளும் குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் பெரியவர்கள் மாத்திரையை வெட்டுவதையோ, ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுவதையோ பார்த்தால் திட்டாதீர்கள். ஏன் என்று கேளுங்கள்.

பாஸ் புத்தகத்தில் மூன்று எழுத்து

வீட்டுக்கு வந்ததும் அத்தையின் பாஸ் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். மே மாசம் 33,750 ரூபாய் வரவு. அதற்குக் கீழேயே 3,375 ரூபாய் பற்று. ஆகஸ்டிலும் அதே மாதிரி. இரண்டு பற்றுக்கும் எதிரே ‘டி.டி.எஸ்.’ என்று மூன்று எழுத்து. வட்டி ஒன்றும் குறையவில்லை. வட்டியிலிருந்து பத்து சதவீதம் வருமான வரியாகப் பிடித்திருந்தார்கள். மாசக் கணக்கில் பார்த்தால் 1,125 ரூபாய். அத்தையின் மருந்துச் செலவு கிட்டத்தட்ட அவ்வளவுதான்!

“எங்கம்மாவுக்கு வருமான வரியா!” என்று என் கணவர் திகைத்துப் போய்விட்டார்.

பண்டிகை விடுமுறை முடிந்து பாங்க் திறந்த முதல் நாளே அத்தையையும் கூட்டிக்கொண்டு போனோம். அங்கிருந்த பெண் அதிகாரி பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன்.

பாங்கில் ஒருவருக்கு வருஷத்தில் வருகிற வட்டி ஒரு வரம்பைத் தாண்டினால், பாங்க் அதில் பத்து சதவீதத்தைப் பிடித்து அரசாங்கத்துக்குக் கட்டியாக வேண்டும். அது சட்டம். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த வரம்பு அப்போது 50,000 ரூபாய்; மற்றவர்களுக்கு 40,000. (2025 ஏப்ரல் 1 முதல் இதை ஒரு லட்சமாகவும் 50,000 ஆகவும் உயர்த்தினார்கள்.) அத்தைக்கு வந்தது 1,35,000. அதனால் பிடித்துவிட்டார்கள்.

“ஆனா எங்க அத்தைக்கு வரி கட்டற அளவுக்கு வருமானமே இல்லையே?” என்றேன்.

“கரெக்ட்தாம்மா. மூத்த குடிமக்களுக்கு மூணு லட்சம் வரைக்கும் வரியே இல்லை. ஆனா அவங்களுக்கு வேற வருமானம் இருக்கா இல்லையான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்கதான் எழுதிக் கொடுக்கணும். ‘என் மொத்த வருமானத்துக்கு வரி வராது, அதனால வட்டியில பிடிக்காதீங்க’ன்னு ஒரு உறுதிமொழி. 15எச் படிவம். உங்க மாமனார் வருஷா வருஷம் கொடுத்துக்கிட்டிருந்தாரே!”

அதுதான் மாமா சொன்ன தாள்!

“அவர் போன வருஷம் கொடுத்தது இருக்குமே?” என்று என் கணவர் கேட்டார்.

“அது அவர் பான் நம்பருக்கு, அந்த நிதி வருஷத்துக்கு மட்டும். இது ஒவ்வொரு ஏப்ரலிலும் புதுசாக் கொடுக்க வேண்டியது. மார்ச் 31-ஓட பழசு செல்லாமப் போயிடும். டெபாசிட் இப்போ அம்மா பேர்ல இருக்கறதால அம்மா பான் நம்பரைப் போட்டு, அம்மாதான் கையெழுத்துப் போடணும்.”

அங்கேயே படிவம் வாங்கிப் பூர்த்தி செய்தோம். பெயர், பான் நம்பர், பிறந்த தேதி, விலாசம், எந்த நிதி வருஷம், இந்த பாங்கில் வட்டி எவ்வளவு வரும், மொத்த வருமானம் எவ்வளவு, வேறு எங்காவது இதே மாதிரி படிவம் கொடுத்திருக்கிறாரா... அவ்வளவுதான். பத்து நிமிஷ வேலை. அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தமிழில் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் வந்த நவம்பர் வட்டி முழுசாக 33,750 வந்தது.

பிடித்தது திரும்பி வருமா?

மே மாசமும் ஆகஸ்டிலும் பிடித்த 6,750 ரூபாய் என்ன ஆவது? பாங்கில் திருப்பித் தர முடியாது. அது ஏற்கெனவே அரசாங்கத்துக்குப் போய்விட்டது. ஆனால் தொலைந்து போகவில்லை. அத்தையின் பான் நம்பரில் அவர் கட்டிய வரி என்று வரவு வைத்திருப்பார்கள். ‘எனக்கு வரியே கிடையாது, வரவு வைத்ததைத் திருப்பிக் கொடுங்கள்’ என்று நாம் கேட்டால்தான் வரும். கேட்பதற்கு வழி, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்வது.

வரி கட்டுகிறவர்கள்தான் கணக்குத் தாக்கல் செய்வார்கள் என்று நினைத்திருந்தேன். வருமானம் வரம்புக்குக் கீழே இருக்கிறவருக்கு அது கட்டாயமில்லைதான். ஆனால் பிடித்த வரி திரும்பி வர வேண்டுமென்றால் அவரும் தாக்கல் செய்ய வேண்டும். நிதி வருஷம் முடிந்த பிறகு, வழக்கமாக ஜூலை 31 வரைக்கும் அதற்கு அவகாசம்.

2024 ஜூன் மாசம், பிளஸ் டூ முடித்திருந்த என் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே உட்கார்ந்தேன். நானும் பிளஸ் டூ வரைக்கும்தான் படித்தவள். கம்ப்யூட்டர் என்றால் கொஞ்சம் பயம். முதல் படியிலேயே தடங்கல். வருமான வரித்துறையின் வலைத்தளத்தில் போய்ப் பார்த்தால், ஆதாரோடு சேர்ந்த செல்போனுக்கு ஓ.டி.பி. போகும் என்று வந்தது. அத்தையின் ஆதாரில் இருந்தது மாமாவின் செல் நம்பர். மாமா போன பிறகு அந்த நம்பருக்கு ரீசார்ஜ் செய்யாமல் அது என்றைக்கோ போய்விட்டது! மறுபடி கும்பகோணம் போய், ஆதார் சேவை மையத்தில் அத்தையை விரல் ரேகை வைக்கச் சொல்லி, 50 ரூபாய் கட்டி, புது நம்பரைச் சேர்த்தோம். அது சேர்ந்து வரச் சில நாள் ஆயிற்று.

அடுத்த தப்பு என்னுடையது. ‘எந்த வருஷம்?’ என்று கேட்டது. வட்டி வந்தது 2023-24 தானே என்று அதையே அழுத்திவிட்டேன். ஒன்றுமே வரவில்லை. வரி பிடித்த விவரமே காணோம். பாங்க் கட்டாமல் ஏமாற்றிவிட்டதோ என்று கூட ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன், பாவம்! பிறகு என் பெண்தான் கண்டுபிடித்தாள். அவர்கள் கேட்டது மதிப்பீட்டு வருஷம். வருமானம் வந்ததற்கு அடுத்த வருஷம். 2024-25 என்று மாற்றியதும் எல்லாம் வந்துவிட்டது.

அப்போது ‘26 ஏ.எஸ்.’ என்று ஒரு அறிக்கை இருந்தது. நம் பான் நம்பரில் யார் யார் எவ்வளவு வரி பிடித்துக் கட்டினார்கள் என்று அதில் தெரியும். பாங்கிலிருந்து வாங்கி வந்த ‘16 ஏ’ சான்றிதழையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் 6,750. மளிகைக்கடை பில்லையும் சிட்டையையும் ஒத்துப் பார்ப்போமே, அதேதான். வட்டி 1,35,000 என்று போட்டதும் வரி பூஜ்யம், திரும்ப வர வேண்டியது 6,750 என்று அதுவே கணக்குப் போட்டுக் காட்டியது. பணம் எந்தக் கணக்குக்கு வர வேண்டும் என்று அத்தையின் பாங்க் கணக்கைக் கொடுத்து, அது சரிதான் என்று முன்கூட்டியே உறுதி செய்தோம். தாக்கல் செய்துவிட்டால் மட்டும் போதாது. அதை ‘நான்தான் கொடுத்தேன்’ என்று 30 நாளுக்குள் சரிபார்த்து முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கொடுத்ததாகவே ஆகாது. ஆதார் ஓ.டி.பி. போட்டு அன்றைக்கே முடித்தோம்.

ஜூலையில் அத்தையிடமிருந்து போன். “ஏம்மா, பாங்குல ஏதோ பணம் வந்திருக்குன்னு மெசேஜ் வந்திருக்கு, யாராவது தப்பாப் போட்டுட்டாங்களா பாரு” என்றார். 6,750 ரூபாயும் அதற்குச் சொற்ப வட்டியும்! “அத்தை, அது உங்க பணம்தான். கவர்ன்மென்ட் திருப்பிக் கொடுத்திருக்கு” என்றேன். “கவர்ன்மென்ட்டா? எனக்கா?” என்று நம்பவே இல்லை. அதற்குள் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் வந்திருந்தது. முழு மாத்திரை, நேரத்துக்கு.

வருஷத் தாள் கொடுக்கிறவர்கள் நினைவில் வைக்க

இனி, நான் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. ஏப்ரல் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். மே மாசம் வட்டி போடும்போது தாள் அங்கே இருக்க வேண்டும். நடுவில் கொடுத்தால் அதற்குப் பிறகு வருகிற வட்டிக்குத்தான் பலன்.

2. எத்தனை பாங்கில் டெபாசிட் இருக்கிறதோ அத்தனை பாங்கிலும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். தபால் ஆபீசில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டிருந்தால் அங்கேயும். ஒரே பாங்கின் பல கிளைகளில் பிரித்துப் போட்டால் தப்பலாம் என்று சிலர் சொல்வார்கள். நடக்காது, எல்லாக் கிளைகளையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

3. கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூணு மாசத்துக்கு ஒருமுறை பாஸ் புத்தகம் பதிந்து, ‘டி.டி.எஸ்.’ என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

4. பான் நம்பர் இல்லாவிட்டால் இந்தத் தாள் செல்லாது. பிடிப்பதும் பத்துக்குப் பதிலாக இருபது சதவீதம். பானையும் ஆதாரையும் இணைத்திருக்க வேண்டும். இணைக்க வேண்டியவர்கள் இணைக்காமல் விட்ட பான் 2023 ஜூலை 1 முதல் செயலற்றுப் போனது; அதற்கும் இருபது சதவீதம்தான். 80 வயது நிறைந்தவர்களுக்கு இந்த இணைப்பிலிருந்து விலக்கு கொடுத்திருந்தார்கள். மாமா எங்கள் நல்ல காலம், இரண்டு பேருக்கும் முன்பே இணைத்து வைத்திருந்தார்.

5. அறுபது வயதுக்கு உட்பட்ட நம்மைப் போன்றவர்களுக்கு 15ஜி என்று தனிப் படிவம் இருந்தது. அதற்கு நிபந்தனை இரண்டு. மொத்த வருமானத்துக்கு வரி வரக்கூடாது. அதோடு, மொத்த வட்டியும் வரிவிலக்கு வரம்புக்குள் இருக்க வேண்டும். முதியவர்களின் 15எச்-சுக்கு முதல் நிபந்தனை மட்டும்தான்.

6. 1961ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக, 2025ஆம் வருஷத்துப் புதுச் சட்டத்தை 2026 ஏப்ரல் 1 முதல் என்று கொண்டு வந்திருக்கிறார்கள். சட்டம் மாறும்போது படிவத்தின் எண்ணும் பெயரும் மாறும். எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டாம். ‘வட்டியில் வரி பிடிக்காமலிருக்க வருஷா வருஷம் கொடுக்கிற உறுதிமொழித் தாள்’ என்று கேட்டாலே அந்த வருஷத்துக்கு உரியதை எடுத்துக் கொடுப்பார்கள்.

7. தாக்கல் செய்ய ஜூலை தாண்டிவிட்டால் மனசை விட்டுவிடாதீர்கள். தாமதமாக டிசம்பர் 31 வரைக்கும் தாக்கல் செய்ய இடமுண்டு. ஆனால் அதையும் விட்டால் பிறகு கஷ்டம்.

8. கடைசியாக, முக்கியமானது. இது உறுதிமொழி. வரி வரக்கூடிய வருமானம் இருக்கிறவர்கள் இதைக் கொடுக்கக் கூடாது. பொய்யாகக் கொடுத்தால் தண்டனை உண்டு. நம்மில் பலருக்குத் தெரியாத இன்னொன்று: கணவர் சம்பளத்தில் கொடுத்த பணத்தை நம் பெயரில் டெபாசிட் போட்டால், அந்த வட்டி சட்டப்படி அவருடைய வருமானத்தோடுதான் சேரும். பிறந்த வீட்டில் கொடுத்தது, நாம் தையல் தைத்தோ டியூஷன் எடுத்தோ சேர்த்தது, இதெல்லாம் நம் கணக்கு. சந்தேகமிருந்தால் விவரம் தெரிந்தவரிடம் ஒருமுறை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

யார் கொடுப்பது?

இவ்வளவும் சொன்னேனே, உண்மையில் என் மனசை உறுத்துவது வேறு விஷயம். மாமா நாற்பது வருஷம் குடும்பக் கணக்கை ஒரு குறையில்லாமல் பார்த்தார். ஆனால் அத்தைக்குத் தன் பான் கார்டு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கூடத் தெரியாது. அத்தையைக் குறை சொல்லி என்ன? என் பான் கார்டு எங்கே என்று அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் நானும் கணவரைத்தான் கூப்பிட்டிருப்பேன்.

வீட்டில் வருஷத்துப் புளி எத்தனை கிலோ, எந்த ஜாடியில் எந்த ஊறுகாய் என்று நமக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அதே மாதிரி நம் பெயரில் என்ன இருக்கிறது, எந்தத் தாள் எப்போது கொடுக்க வேண்டும், ஆதாரில் யார் நம்பர் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கணவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து அல்ல. அவர் ஊரில் இல்லாத வாரத்திலும் ஏப்ரல் மாசம் வந்துவிடும், அதற்காகத்தான்.

உங்கள் வீட்டிலோ, பிறந்த வீட்டிலோ, அடுத்த வீட்டிலோ வட்டியை நம்பி இருக்கிற ஒரு பெரியவர் கட்டாயம் இருப்பார். அவர்கள் வாயைத் திறந்து கேட்கமாட்டார்கள். செலவைத்தான் குறைப்பார்கள். முதலில் பால் குறையும், பிறகு பழம் குறையும், பிறகு மாத்திரை. அடுத்த முறை போகும்போது ஒருதரம் அவர்களுடைய பாஸ் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். மாத்திரை டப்பாவையும் பாருங்கள்.

2025 ஏப்ரலில் நான் கும்பகோணம் போனபோது மாமாவின் நோட்டை எடுத்துப் புரட்டினேன். ஒவ்வொரு ஏப்ரலிலும் மாமாவின் சாய்ந்த எழுத்தில் ‘பஞ்சாங்கம் - பாங்க் தாள்’ என்று இருந்தது. 2023இல் ஒன்றும் இல்லை. 2024இல் என் எழுத்து. 2025க்கு எழுதப் பேனாவை எடுத்தேன். “இரு, இரு” என்று அத்தை நோட்டை வாங்கிக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தானே எழுதினார்: ‘தாள் கொடுத்தாச்சு.’

“எப்ப அத்தை கொடுத்தீங்க? நாளைக்குத்தானே போகலாம்னு இருந்தோம்!”

“நேத்தே பஞ்சாங்கம் வாங்கப் போனேன். அப்படியே கொடுத்துட்டு வந்துட்டேன். இதோ பார், ரசீது” என்றார்.